பழைய காரில் ஏபிஎஸ் விளக்கு அணையவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏபிஎஸ் என்பது பிரேக்கை வேகமாக மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு. வயதான காரில் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிய ஆரம்பித்தால் ஆட்கள் இரண்டில் ஒன்று செய்வார்கள். கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள், அல்லது யாரோ சொன்னார்கள் என்று ஒரு சென்சாரை வாங்கி மாட்டுவார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தவன். இரண்டாவதில் செலவு அதிகம், பலன் அதே அளவுதான். ஜாக், ஸ்டாண்ட், மல்டிமீட்டர், டார்ச் இவை இருந்தால் பாதிக்கு மேற்பட்ட பழுதுகளை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

விளக்கு எரிகிறது. வண்டியை ஓட்டலாமா?

மஞ்சள் விளக்கு மட்டும் என்றால் ஓட்டலாம். கம்ப்யூட்டர் ஏபிஎஸ் வேலையை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். பெடலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் சாதாரண பிரேக் அப்படியே இருக்கிறது. ஆனால் ஈரச் சாலையில் வேகமாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். சக்கரம் பூட்டிவிட்டால் ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. அப்போது பெடலைச் சற்று விட்டுப் பிடிக்க வேண்டும். இடைவெளி விட்டு நிதானமாக ஓட்டுங்கள்.

சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் மட்டம் குறைந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் இரண்டு விளக்குகளும் எரிந்தால், முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிடும் வேலையும் போயிருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் பின்சக்கரம் முதலில் பூட்டி வால் சுழலும். பெடல் மெத்தென்று உள்ளே போனால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

சாவியைத் திருப்பியதும் எரிந்து சில நொடியில் அணைகிறது. அதுவும் பழுதா?

இல்லை, அது சோதனை. சாவி போட்டதும் கம்ப்யூட்டர் தன் மின்சுற்றுகளைச் சரிபார்த்துவிட்டு விளக்கை அணைக்கும். வண்டி நகர்ந்து மெதுவேகம் எடுக்கும்போது பல வண்டிகளில் ஏபிஎஸ் பம்ப் ஒரு நொடி ஓடிப் பார்த்துக்கொள்ளும். பானட்டுக்குள்ளிருந்து ‘க்ர்ர்’ என்று வரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்தவர்கள் நிறைய.

இந்த இரண்டு கட்டத்தையும் மனதில் வையுங்கள். சாவி போட்டதிலிருந்து அணையவே இல்லை என்றால் பியூஸ், ஒயர் அறுந்திருப்பது, மாட்யூல் (ஏபிஎஸ் கம்ப்யூட்டரும் வால்வுகளும் உள்ள கட்டி) போன்ற மின்பழுதுகளைச் சந்தேகிக்கலாம். அணைந்துவிட்டு, வண்டி ஓட ஆரம்பித்ததும் திரும்ப வந்தால் சக்கரத்திலிருந்து வரும் சிக்னலில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

சாவி போடும்போது விளக்கு எரியவே இல்லை என்றால் அதுதான் சந்தேகத்துக்குரியது. பழைய வண்டி வாங்கப் போகும்போது இதை முதலில் பாருங்கள். முந்தைய உரிமையாளர் பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

ஏபிஎஸ்ஸில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன?

பாகங்கள் குறைவுதான். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் வேகத்தைச் சொல்ல ஒரு சென்சார், அதற்கு எதிரே சக்கரத்தோடு சுழலும் பல்வளையம். பானட்டுக்குள் வால்வுகளும் பம்பும் உள்ள ஒரு உலோகக் கட்டி. அதோடு ஒட்டியோ தனியாகவோ ஒரு கம்ப்யூட்டர். மீதி பியூஸ், ரிலே, ஒயர், பிரேக் பெடல் ஸ்விட்ச். 1978ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பாஷ் நிறுவனத்தின் எலெக்ட்ரானிக் ஏபிஎஸ் வந்ததிலிருந்து அடிப்படை இதேதான். பழைய கார்களில் இந்த வரிசையில் அதிகம் அடிபடுவது சக்கரத்தருகே சேறும் தண்ணீரும் குடிக்கிற பாகங்கள்.

என்னிடம் உள்ள சின்ன ஸ்கேனர் பழுது ஒன்றும் இல்லை என்கிறது. விளக்கோ எரிகிறது. ஏன்?

மலிவான ஸ்கேனர்களில் பல எஞ்சின் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். ‘பி’ என்ற எழுத்தில் தொடங்கும் கோடுகளை, அதாவது பழுதைச் சொல்லும் குறியீடுகளைத்தான் காட்டும். ஏபிஎஸ் கோடுகள் ‘சி’ என்று தொடங்கும். சி 0035 என்பது இடது முன்சக்கர சென்சார் சுற்று, சி 0040 வலது முன், சி 0045 இடது பின், சி 0050 வலது பின். சில தயாரிப்பாளர்கள் தங்களுக்கென்று வேறு எண் வைத்திருப்பார்கள், ஆகவே உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேனர் வாங்கும் முன் ‘ஏபிஎஸ் படிக்குமா, ஓடும்போது நாலு சக்கர வேகத்தையும் காட்டுமா’ என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது முதலாவதை விட முக்கியம், காரணம் பின்னால் வரும்.

1990களின் வண்டி. ஸ்கேனரே ஒட்டவில்லை.

அந்தக் காலத்து வண்டிகள் பல, விளக்கை விட்டுவிட்டுச் சிமிட்டிக் கோடு சொல்லும். கண்டறியும் சாக்கெட்டில் குறிப்பிட்ட இரண்டு பின்களை ஒரு சிறு ஒயரால் இணைத்துச் சாவி போட வேண்டும். மூன்று சிமிட்டல், சிறிது இடைவெளி, ஒரு சிமிட்டல் என்றால் 31. டொயோட்டா வண்டிகளில் 31 முதல் 34 வரை சக்கர சென்சார்கள். எந்தெந்தப் பின் என்று கையேட்டில் உறுதி செய்யாமல் ஒயரை நுழைக்காதீர்கள். தவறான பின்னில் மின்சாரம் பாய்ந்தால் கம்ப்யூட்டர் போய்விடும்.

‘இடது முன் சென்சார்’ என்று கோட் வந்துவிட்டது. சென்சாரை வாங்கிவிடலாமா?

பொறுங்கள். பணம் வீணாவது இந்த இடத்தில்தான்.

கோட் சொல்வது ‘அந்தச் சக்கரத்திலிருந்து எனக்கு ஒழுங்கான செய்தி வரவில்லை’ என்பதை மட்டும். செய்தி வராததற்குச் சென்சார் காரணமாக இருக்கலாம். ஒயர், கனெக்டர், பல்வளையம், பேரிங், சென்சார் நுனியில் ஒட்டிய இரும்புத்தூள் இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். போன் எடுக்கவில்லை என்பதற்காக ஆள் செத்துப்போனான் என்று முடிவு கட்டுவோமா?

முதலில் கண்ணால் பாருங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, சக்கர வளைவுக்குள் டார்ச் அடியுங்கள். சென்சார் ஒயர் ஹப்பிலிருந்து (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) புறப்பட்டு, சஸ்பென்ஷன் கால் மேல் கிளிப்பில் மாட்டி, உடம்புக்குள் போகும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வளைவது இந்த ஒயர்தான். கிளிப் உடைந்திருந்தால் டயர் அதை உரசிக்கொண்டே இருக்கும்.

வெளி உறை நன்றாக இருந்து உள்ளே செம்பு அறுந்திருக்கும் கேஸ்களும் உண்டு. இதற்கு ஒரு கைவித்தை: ஒயரை இரண்டு விரல்களால் சில அங்குல இடைவெளியில் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே நகருங்கள். நல்ல இடத்தில் விறைப்பாக நிற்கும். செம்பு அறுந்த இடத்தில் உறை மட்டும் ரப்பர்போல நீண்டு கொடுக்கும். அங்கே உறையைப் பிளந்தால் பச்சை பூத்த, கறுத்துப் பொடியான செம்பு தெரியும்.

அடுத்து கனெக்டர். கழற்றி உள்ளே பாருங்கள். பின்களில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் தொடர்புகளைச் சுத்தப்படுத்தும் ஸ்ப்ரே அடித்து, உலர விட்டு, மாட்டுங்கள். பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

சரி, சென்சாரை எப்படி அளப்பது?

எந்த வகை சென்சார் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட எளிய வகை. மின்சாரம் கொடுக்கத் தேவையில்லை, பல்வளையம் முன்னால் சுழலும்போது அதுவே மின்னழுத்தத்தை உண்டாக்கும்.

கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்து இரண்டு பின்களுக்கு நடுவே ஓம் அளவு எடுங்கள். பொதுவாக சுமார் 800 முதல் 2,000 ஓம் வரை வரும், சில வண்டிகளில் இன்னும் கூடுதலாகவும் இருக்கும். எண்ணை விட ஒப்பீடு முக்கியம். அதே அச்சின் மறுபக்கச் சென்சாரையும் அளந்து பாருங்கள். ஒன்று 1,100, மற்றது 1,150 என்றால் இரண்டும் நலம். ஒன்று எல்லையில்லாமல் காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. அளவு வந்துகொண்டிருக்கும்போதே ஒயரை வளைத்து ஆட்டுங்கள். எண் துள்ளினால் குற்றவாளி ஒயர். ஒரு பின்னுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவேயும் அளந்து பாருங்கள், அங்கே தொடர்பு இருக்கவே கூடாது.

பிறகு வண்டியை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டுக்கு மாற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். நொடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் நூறு இருநூறு மில்லிவோல்ட்டாவது வர வேண்டும். வேகம் கூடக் கூட எண் ஏற வேண்டும். ஓம் சரியாக வந்து வோல்ட் மட்டும் வரவில்லை என்றால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். நுனிக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி கூடியிருக்கும் அல்லது நுனியில் இரும்புத்தூள் மீசைபோல ஒட்டியிருக்கும். அந்த இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 1 மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

மின்சாரம் கொடுத்தால் வேலை செய்யும் வகை என்றால்?

அதன்மேல் ஓம்மீட்டர் வைக்காதீர்கள். அளவு பொருள்படாது, உள்ளே இருக்கும் சில்லையும் கெடுக்கலாம். சாவி போட்டு, வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் வோல்ட் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். பல வண்டிகளில் பேட்டரி அளவுக்கு நெருக்கமாக வரும். வந்தால் ஒயரும் கம்ப்யூட்டரும் அதுவரை சரி. இந்த வகை சென்சார் சுமார் 7 மில்லிஆம்பியருக்கும் 14 மில்லிஆம்பியருக்கும் நடுவே மாறி மாறிப் பேசும். அதைச் சரியாகப் பார்க்க ஸ்கேனரின் ஓடும்போதைய வேகத்திரைதான் வசதி.

விளக்கு எரியவில்லை. ஆனால் வண்டி நிற்கப் போகும் நேரத்தில் பெடல் உதறுகிறது. இது என்ன?

இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். என்னை அலைக்கழித்த பழுது இது.

சிக்னலில் நிற்பதற்காக மெதுவாக மிதிப்பேன். நடைவேகத்துக்கு வந்ததும் ‘கட கட’ என்று பெடல் காலைத் தள்ளும், வண்டி ஓர் அடி கூடுதலாக நகர்ந்து நிற்கும். ஒரு பட்டறையில் ஒரு சென்சார் மாற்றினார்கள், சரியாகவில்லை. எதிர்ப்பக்கச் சென்சாரையும் மாற்றினார்கள். உதறல் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வண்டிக்கடியில் படுத்தேன். சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி மூட்டில் பல்வளையம் இருக்கும் வண்டி அது. துணியால் கிரீஸையும் சேற்றையும் துடைத்துவிட்டு, சக்கரத்தைப் பல் பல்லாகத் திருப்பிக்கொண்டே நகத்தால் தடவிப் பார்த்தேன். டிக், டிக், டிக் என்று ஒரே சீராக வந்தது. ஓரிடத்தில் மட்டும் நகம் உள்ளே இறங்கியது. வளையம் குறுக்கே வெடித்து, விரிசல் ஒரு பல்லின் அகலத்துக்குத் திறந்திருந்தது. அடியில் துரு கட்டிப் பருத்து வளையத்தை உள்ளிருந்தே பிளந்திருக்கிறது.

பல்வரிசையில் ஓரிடத்தில் இடைவெளி கூடினால், ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை துடிப்பு தாமதமாக வரும். அதிவேகத்தில் கம்ப்யூட்டர் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. மெதுவேகத்தில் ‘இந்தச் சக்கரம் திடீரென்று நின்றுவிட்டது, பூட்டிக்கொண்டது’ என்று எண்ணி, அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தளர்த்துகிறது. கோட் பதிவாகாமலும் போகலாம், ஏனென்றால் அதன் பார்வையில் அது தன் கடமையைத்தான் செய்தது.

இங்கேதான் ஓடும்போதைய வேகத்திரை உதவும். நேர்ச்சாலையில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துத் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து மெல்ல இறங்கும்போது மூன்று சக்கரங்கள் ஒன்றாக இறங்கும். நான்காவது மட்டும் நொண்டும் அல்லது முந்திக்கொண்டு பூஜ்யத்துக்கு விழும். நொண்டுகிற சக்கரத்தருகில் போய்ப் படுங்கள்.

வளையம் பல வண்டிகளுக்குத் தனியாகக் கிடைக்கும். துருவைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, புது வளையத்தைச் சூடாக்கி விரியச்செய்து இறக்க வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் அதுவும் வெடிக்கும். பல் எண்ணிக்கை பழையதோடு ஒன்றாக இருக்கிறதா என்று எண்ணிவிட்டே மாட்டுங்கள்.

பழுது சரியாகும் வரை முன்னால் போகும் வண்டிக்கு மிக நெருங்கி நிற்காதீர்கள். விளக்கு எரியும் பழுதை விட இது ஆபத்து. அங்கே ஏபிஎஸ் ஒதுங்கிக்கொள்கிறது, இங்கே வேண்டாத நேரத்தில் குறுக்கே வருகிறது.

மழையில் மட்டும் எரிகிறது. வளைவில் மட்டும் எரிகிறது.

மழையில் என்றால் ஒயர் உறையில் விரிசல் அல்லது கனெக்டருக்குள் நீர். காய்ந்ததும் தானாக அணைந்துவிடும், பட்டறைக்குக் கொண்டுபோகும் அன்று வெயில் அடிக்கும். சந்தேகப்படும் கனெக்டர்மேல் தண்ணீர் தெளித்துப் பழுதை நீங்களே வரவழைத்துப் பாருங்கள்.

வளைவில் என்றால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். பேரிங் தேய்ந்து ஹப் ஆடினால் சென்சாருக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி மாறும். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓடும்போது ‘ஊ’ என்ற முனகலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சக்கரப் பக்கம் எல்லாம் சரி. பம்ப், மாட்யூல் என்று கோட் வருகிறது.

முதலில் பேட்டரி. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் மின்னழுத்தம் இறங்கினால் ஏபிஎஸ் கம்ப்யூட்டர் கடையைச் சாத்திவிடும். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டதும் விளக்கு வந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரையும் பேட்டரி முனைகளையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பல வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

பிறகு பியூஸ். ஏபிஎஸ்ஸுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பியூஸ்கள் உண்டு. கம்ப்யூட்டருக்குச் சிறியது கேபினுக்குள், பம்புக்கும் வால்வுக்கும் பெரியவை பானட்டுக்குள் இருக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள்.

அதன்பின் எர்த். எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் மாட்யூலின் எர்த் ஒயருக்கும் நடுவே வோல்ட் அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, பளபளவென்று தேய்த்து, திரும்ப இறுக்குங்கள்.

இவை எல்லாம் தேறினால்தான் மாட்யூலின் முறை. சூட்டிலும் அதிர்விலும் உள்ளே சால்டர் (ஈயம் வைத்த) இணைப்புகள் விரிசல் விடுவது பழைய மாட்யூல்களுக்கு வழக்கமான வியாதி. காலையில் நன்றாக இருந்து, எஞ்சின் சூடானதும் விளக்கு வந்தால் இதன் அடையாளம். பல வடிவங்களில் எலெக்ட்ரானிக் பெட்டியைப் பிரேக் குழாய்களைத் தொடாமலேயே தனியாகக் கழற்றி, பழுது நீக்கும் இடத்துக்கு அனுப்பலாம். பழைய மாட்யூல் ஒன்றை வாங்கிப் போடுவதானால் பாக எண் முழுதாகப் பொருந்த வேண்டும், சில வண்டிகளில் கோடிங்கும் செய்ய வேண்டும்.

பேரிங் அல்லது டயர் மாற்றிய பிறகுதான் விளக்கு வந்தது.

அப்படியானால் பாதி விடை கையில் இருக்கிறது. சில பேரிங்குகளில் ஒரு பக்க சீலுக்குள்ளேயே காந்த வளையம் இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் சிக்னலே வராது, திரும்பக் கழற்றிப் புது பேரிங்தான் போட வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் மாற்றியிருந்தால் பல்வளையத்தின் பல் எண்ணிக்கை பழையதோடு ஒன்றா என்று பாருங்கள். டயர் என்றால் நான்கும் ஒரே அளவா என்று பாருங்கள். சிறிய ஸ்டெப்னி ஒரு பக்கம் இருந்தாலும் அந்தச் சக்கரம் மற்றவற்றை விட வேகமாகச் சுழலும், கம்ப்யூட்டர் குழம்பும்.

சென்சார் துருப்பிடித்து வெளியே வரவே மாட்டேன் என்கிறது.

வரும், பொறுமை வேண்டும். போல்ட்டைக் கழற்றிவிட்டு, துரு இளக்கும் ஆயிலை அடித்து ஒரு இரவு விடுங்கள். மறுநாள் இடுக்கியால் பிடித்து இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினால் தலை மட்டும் கையோடு வரும், உடம்பு துளைக்குள் தங்கிவிடும். அதனால்தான் அளந்து உறுதியாகாமல் சென்சாரைத் தொடாதீர்கள் என்கிறேன். நல்ல சென்சாரைக் கழற்றப்போய் உடைத்தவர்கள் பலர்.

வெளியே வந்ததும் துளையையும் அது உட்காரும் முகத்தையும் துருவில்லாமல் தேயுங்கள். முகத்தில் துரு மேடு இருந்தால் புதுச் சென்சார் அந்த அளவுக்குத் தள்ளி உட்காரும், சிக்னல் மறுபடி பலவீனமாகும்.

பிரேக் ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உடனடியாக இல்லை, நாள்போக்கில் உண்டு. டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் மாட்யூலின் நுண்ணிய வால்வுகளை அரிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5 ஏபிஎஸ் வண்டிகளுக்கு ஆகாது. எண்ணைப் பார்த்து ‘5 என்றால் இன்னும் மேல்’ என்று ஊற்றிவிடாதீர்கள்.

பழுதைச் சரிசெய்துவிட்டேன். விளக்கு இன்னும் எரிகிறதே?

ஓட்டிப் பார்த்தீர்களா? சென்சார் பழுது பதிவான பிறகு, பல கம்ப்யூட்டர்கள் சக்கரம் சுழன்று நல்ல சிக்னல் வருவதைப் பார்த்த பிறகே விளக்கை அணைக்கும். சாவியை அணைத்துப் போட்டு, மணிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் கொஞ்ச தூரம் போங்கள். அப்போதும் எரிந்தால் ஸ்கேனரால் கோடை அழித்துவிட்டு, மறுபடி எந்தக் கோட் வருகிறது என்று படியுங்கள். புது எண் வந்தால் வேறொரு இடம். அதே எண் வந்தால் அதே சக்கரத்தருகில் இன்னொரு முறை டார்ச்சோடு உட்கார வேண்டியதுதான்.